நடுவிலிருந்து ஒன்று

தான் கொடுத்த பிளாஸ்டிக் ஷீட்டை லேசர் கட்டிங் கடை எஸ்தர் நகத்தால் கீறி, மூக்கருகே வைத்து மோந்தபோதே பரமசிவத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

“இன்னாமா, மல்லிப்பூவா வாங்கினு வந்திருக்கேன்? மோந்து பார்க்கிறே?”

“இல்ல சார். எல்லா பிளாஸ்டிக்கையும் லேசர்ல வெட்ட முடியாது. இது அக்ரிலிக்தானான்னு பார்க்கிறேன்.”

“மேல ஒட்டின பேப்பர்லயே அக்ரிலிக்னு போட்டிருக்குதே. படிக்கத் தெரியாதா?”

எஸ்தரின் பார்வை, விற்பனைக்காகப் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் ஷீட்டுகள் மேல் போய்த் திரும்பியது. அதைப் பரமசிவம் கவனிக்காமல் விடவில்லை. காந்தி ரோட்டில் முப்பது வருஷமாகப் பட்டுப் புடவை விற்கிறவர். ‘உங்களுது சரியில்லை, என்னுதை எடுத்துக்கோங்க’ என்று இவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்.

எழுந்து போய்விடவும் முடியாது. வெள்ளிக்கிழமை அவருடைய இரண்டாவது கடை திறப்பு. புடவைக்கு ஒன்றாகத் தொங்கவிட இந்த ஷீட்டில் வெட்டின முந்நூறு டேக் வேண்டும். கடைப் பெயர், அதற்குக் கீழே ‘அசல் பட்டு’. அழைப்பிதழிலேயே டேக்கைப் படம் போட்டு ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. இன்று புதன்.

“அக்ரிலிக் இல்லேன்னா இன்னா ஆயிடும்?”

“பி.வி.சி.யா இருந்தா லேசர் பட்டதும் விஷப் புகை வரும் சார். மெஷின் துருப்பிடிச்சுப் போயிடும். பக்கத்துல உட்கார்ந்துக்கினு இருக்கிறது நானு. என் நெஞ்சுக்குள்ளதான் போகும்.”

அடேங்கப்பா, விஷம் வரைக்கும் போய்விட்டாளே! பரமசிவம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

“இதோ பாரும்மா, நானும் வியாபாரிதான். என் கடையில கஸ்டமர் கண்ணு முன்னாடியே நூலை உருவிக் கொளுத்திக் காட்டித்தான் விக்கிறேன். முடி கருகுற வாசனை வந்தா பட்டு. தொழில்னா அப்படி நாணயமா இருக்கணும்.”

“அப்ப நானும் கொளுத்திப் பார்த்துக்கறேனே சார்.”

தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட பரமசிவம் தலையை ஆட்டினார்.

எஸ்தர் வாசல் பக்கம் போய் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். செம்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி, அவர் கொண்டுவந்த பத்து ஷீட் அடுக்கில் மேலாக இருந்ததன் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினாள்.

“பச்சையா எரிஞ்சா பி.வி.சி. சார்.”

பச்சை வரவில்லை.

“பார்த்தியா? இப்பவாவது மெஷினைப் போடு.”

எஸ்தர் மெஷினைப் போடவில்லை. அடுக்கைத் தூக்கி, நடுவிலிருந்து ஒரு ஷீட்டை உருவினாள்.

பரமசிவத்துக்குச் சுர்ரென்று ஏறியது. “அதான் பார்த்தாச்சே! இன்னும் இன்னாத்துக்கு நோண்டிக்கினு இருக்கே? எனக்கு வயித்தெரிச்சலைக் கிளப்பி, உன் ஷீட்டை என் தலையில கட்டலாம்னு பார்க்கிறியா?”

அவள் கம்பியை மறுபடி காய்ச்சி, அந்த ஷீட்டில் தொட்டுத் தீயில் காட்டினாள்.

பளிச்சென்று பச்சை எழுந்தது.

அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. பத்து ஷீட்டில், மேலே ஒன்றும் அடியில் ஒன்றும்தான் அக்ரிலிக். உள்ளே இருந்த எட்டும் பி.வி.சி.

ஷீட்டை விற்றவனை நினைக்க நினைக்கப் பரமசிவத்துக்கு ஆத்திரம் பொங்கியது.

“படுபாவி! கண்ணுக்குத் தெரியற இடத்துல நல்லதை வச்சிட்டு, உள்ள போலியைச் சொருகியிருக்கான் பாரு! நம்பி வாங்கறவன் வயித்துல அடிக்கிறானே, இவனெல்லாம் உருப்படுவானா?”

எஸ்தர் விளக்கை அணைத்தாள்.

அவளைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம்! குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“தப்பா நினைச்சிக்காதம்மா. மேல பார்த்ததோட விடாம நடுவுல எடுத்தே பாரு, அதான் புத்தி. யாரும்மா உனக்குக் கத்துக் குடுத்தது?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

“எங்க அக்கா கல்யாணப் புடவையை உங்க கடையிலதான் எடுத்தோம். முந்தானைக் குஞ்சத்துல நூல் உருவிக் கொளுத்திக் காட்டினீங்க. முடி கருகுற வாசனைதான் வந்தது.”

பரமசிவத்தின் முகம் மலர்ந்தது. “பின்னே? நான்தான் சொன்னேனே!”

“வீட்டுல அந்தப் புடவையோட வந்த ப்ளவுஸ் பிட்டை வெட்டறப்போ குறுக்கு நூல் ஒண்ணு கையோட வந்துச்சு. குஞ்சத்துல இருக்கிறது நீளவாக்குல ஓடற பாவு நூல் மட்டும்தானே, குறுக்கே ஓடற ஊடையையும் பார்ப்போமேன்னு கொளுத்தினேன். உருகி, உருண்டையா நின்னுச்சு சார். அதுவும் பிளாஸ்டிக்தான்.”

பரமசிவம் வாசல் பக்கம் திரும்பி, யார் காதிலாவது விழுந்ததா என்று பார்த்தார்.

எஸ்தர் சுவரோரம் போய்த் தன் ஷீட்டில் ஒன்றை எடுத்து வந்து மெஷினில் வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, மரியாதை குறையாமல் கேட்டாள்:

“கடைப் பேருக்குக் கீழ இன்னா எழுதணும்னு சொன்னீங்க சார்?”