யானைக்குப் போட்ட மதிப்பு

"சார், ஆவடி ஃபேக்டரி சாம்பியன் நீங்கதானாமே? எங்க செஸ் புரோகிராமோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தாள், வீடு தேடி வந்திருந்த அந்தப் பெண்.

மகன் கிஷோர் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து பக்தவத்சலம் செஸ் காயைத் தொட்டதில்லை. குடும்ப மானம் அவருக்குப் பெரிது. ஆனாலும் கை துறுதுறுத்தது. உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் புரோகிராம் தன் சிப்பாயைச் சும்மா வெட்டுக்கொடுத்து, யானைக்கு வரிசையைத் திறந்துவிட்டது.

"எவன்மா இதை எழுதினான்? திறந்த வரிசையில நிக்கிற யானைக்கு இவ்ளோ மதிப்பா போடுவாங்க? ஒரு சிப்பாயையே தூக்கிக் கொடுக்குது."

இதே கூடத்தில் இதே தப்புக்காகக் கிஷோரைப் பார்த்து அவர் கத்திய மாலைகள் எத்தனையோ.

"ஆபீஸ்ல எல்லாரும் சொல்லிட்டாங்க சார். எழுதினவர் மதிப்பைக் குறைக்கவே மாட்டேங்கிறார்."

"ஏனாம்?"

"தப்புன்னு ஒரே ஒருத்தர் வாயால கேக்கணுமாம், மாமா."

பக்தவத்சலம் முதுகை நிமிர்த்திக்கொண்டு அந்த யானையையே பார்த்தார்.

"எங்க நிக்கிறான்?"

"பஸ் ஸ்டாப்ல."

"வரச் சொல்லு. இதெல்லாம் நேர்லதான் சொல்ல முடியும்."

பிறகு சமையலறையில் இருந்த மனைவி பக்கம் திரும்பினார். "பார்வதம், காபி இன்னொண்ணு சேர்த்துப் போடு."