மூன்றாவது ரவுண்டு

"நீ யார எடுக்குற?" என்றாள் அக்கா.

தம்பி மொட்டைத்தலையனை எடுத்தான். அவன் பேர் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அக்கா, தலையில் சிவப்புத் துணி கட்டிய பெண்ணை எடுத்தாள்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த வணிக வளாகத்தின் அடித்தளம் அது. பொம்மை பிடிக்கும் மெஷின்களும் கார் ஓட்டும் மெஷின்களும் மினுக்கிக்கொண்டிருந்த கூடத்தில், கழிப்பறைப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது இந்தப் பழைய சண்டை மெஷின். டீ குடிக்கத்தான் இருவரும் இறங்கி வந்தார்கள். மேசையிலிருந்து இதை முதலில் பார்த்தது அக்காதான்.

"மூணு ரவுண்டு. அதுக்கு மேல கிடையாது," என்றாள்.

சின்ன வயதில் மூன்று பேரில் இதை உருப்படியாக ஆடத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். குச்சியை அரைவட்டமாகச் சுழற்றி, ஆளின் உள்ளங்கையிலிருந்து நெருப்பை வரவழைப்பான். வீடியோ கேம் கடைக்காரரே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். அவன் கை சலித்து நகர்ந்தால்தான் இவர்களுக்கு இடம். அக்கா குனிந்தபடி காலை மட்டும் வாரிவிடுவாள். தம்பி எல்லாப் பொத்தானையும் கன்னாபின்னாவென்று அடிப்பான். ஒரு தடவைகூட அவளை ஜெயித்ததில்லை.

இப்போது ஆடிப் பார்த்தால் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. எவ்வளவு மெதுவான விளையாட்டு! பொத்தானை அழுத்திவிட்டு, ஆள் கையை ஓங்குவதற்குள் ஒரு கொட்டாவி விடலாம். குதித்தவன் இறங்கி வர யோசிக்கிறான். அடி முகத்தில் விழுந்தாலும் முழங்காலில் விழுந்தாலும் பாத்திரம் உருண்ட மாதிரி ஒரே சத்தம்.

இதற்காகவா பள்ளிக்கு மட்டம் போட்டு, அப்பாவிடம் முதுகு பழுக்க வாங்கினோம்?

முதல் ரவுண்டு அக்காவுக்கு. பள்ளி வேன் ஓட்டுகிறவள். குச்சியை கியர் மாதிரி பிடித்து, மறுபடியும் மறுபடியும் காலை வாரினாள். மொட்டைத்தலையனை எழுந்திருக்கவே விடவில்லை.

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது ரவுண்டில்தான் அவன் அதைக் கண்டுபிடித்தான். குச்சியைப் பின்பக்கமாகக் கீழே இழுத்துப் பிடித்தால் போதும், அவள் உதை உள்ளே வராது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் இது தெரியாமல் போய்விட்டது.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருக்க மாட்டான். யாருக்கும் எதையும் சொல்கிற ஆள் இல்லை அவன். கல்யாணம் வேண்டாம், கூட யாரும் வேண்டாம் என்று பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கிடந்தவன். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் கீழே விழுந்ததைக்கூட அடுத்த அறைக்காரர்தான் போன் போட்டுச் சொன்னார்.

இரண்டாவது ரவுண்டு தம்பிக்கு.

மூன்றாவதில் இருவரும் திரையை முட்டுகிற அளவுக்குக் குனிந்துவிட்டார்கள். அக்காவின் வளையல் பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அரிசி அளவு திருகுகளை முடுக்கிப் பழகிய அவன் விரல்கள் வியர்வையில் வழுக்கின.

"விழு," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "விழுந்து தொலைடா."

விழுந்தது அவளுடைய ஆள்தான்.

"ஜெயிச்சுட்டேன்!"

கை தட்டியேவிட்டான். பொம்மை மெஷின் பக்கம் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை ஜெயித்திருக்கிறான்!

அவள் குச்சியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். முந்தானையில் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்தாள். கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்குக் கை தட்டியது உறைத்தது.

"அக்கா, இன்னொரு தடவ ஆடலாம்க்கா."

"வேணாம்டா. பேசுனது பேசுனபடியே இருக்கட்டும். நானே போய்ச் சொல்லிடறேன்."

டீ மேசையில் பேசியது அது. அண்ணன் இனி எழமாட்டார், மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்தலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். நிறுத்துவதில் இருவருக்கும் மறுபேச்சே இல்லை. அந்த ஒரு வார்த்தை யார் வாயிலிருந்து வருவது என்பதில்தான் டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தோற்கிறவர் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தது அக்கா.

அவள் விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். அவள் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. உயிரைக் கொடுத்து ஆடினாள். அவனும்தான்.

அக்கா படியேறினாள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவில்லை. பிறகு ஏறிப் போனாள்.

சாலையைக் கடந்து, லிஃப்டுக்குக் காத்து நின்று, அவள் அந்த மாடிக்குப் போய்ச் சேர நேரமாகும். இப்போது ஓடினாலும் பிடித்துவிடலாம்.

தம்பி சட்டைப் பையிலிருந்து இன்னொரு டோக்கனை எடுத்து மெஷினில் போட்டான்.