தொடையில் ஒரு கை

போன வருடக் கபடியில் நடுக்கோட்டில் கழுத்து முறிந்து விழுந்த எதிரணி இருதயராஜின் மேல் நின்று, முறிந்தது தெரியாமல், மாசிலாமணி தொடை தட்டிக் கத்தினான். இருதயராஜ் எழவே இல்லை. அதற்குப் பின் மாசிலாமணி தொடை தட்டியதில்லை.

இன்று இறுதி ஆட்டம். ஒரு புள்ளி குறைவு. கடைசியாகப் பாடிப் போக வேண்டியவன் அவன்தான்.

"மரம் மாதிரி போவாத மாப்ள. தொடையத் தட்டு, அவனுங்க மிரளட்டும்" என்றான் கேப்டன் குணாளன்.

"தட்ட மாட்டேன்."

"அப்ப இது யாரு தட்டுனது?"

மாசிலாமணி குனிந்து பார்த்தான். வலது தொடையில் ஐந்து விரல்கள் சிவந்து பதிந்திருந்தன. விரல்நுனிகள் இடுப்பை நோக்கியிருந்தன, தரையில் கிடப்பவன் கைநீட்டித் தட்டியதுபோல.

விசில் ஒலித்தது. அவன் மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினான். நடுக்கோடு வந்ததும், யாரையோ தாண்டுவதுபோல, காலை உயரத் தூக்கி வைத்தான்.