எழுந்து நிற்காதவர்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே எவருக்கும் எழுந்து நிற்காத மனிதர் ஒருவர்தான். காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் தங்கப்பாண்டியன்.

அந்த வரலாறு போன ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. சனிக்கிழமை வரை அவர் லைன்மேனுக்குக்கூட எழுந்து நின்றவர்தான்.

ஞாயிறு காலை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் துணியை விரித்துப் பூனை தைத்துக்கொண்டிருந்தார்.

ரத்தக்கொதிப்புக்குக் கைவேலை நல்லது என்று டாக்டர் சொன்னதால் மகள் பவானி ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த கிராஸ் ஸ்டிட்ச் கிட் அது. சின்னப் பாக்கெட். உள்ளே பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு துணி, கலர் நூல், கட்டம் போட்ட படம், முனை மழுங்கிய ஒரு ஊசி. படத்தில் உள்ள கட்டத்தைப் பார்த்துத் துணியில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனால் உருவம் தானாக வந்துவிடும்.

கிளி முடிந்திருந்தது. வாத்து முடிந்திருந்தது. இப்போது கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டிய பூனை.

ஊசிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. குத்தாத ஊசி ஆண்பிள்ளைக்கு ஆகாது என்று அதை வீசிவிட்டு, மனைவியின் தையல் டப்பாவிலிருந்து கூரானதாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார்.

பவானியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி எமகண்டம் என்பது வழியில் யாருக்கோ ஞாபகம் வந்து, டிரைவரை விரட்டியிருக்கிறார்கள். கார் பதினொன்றுக்கே வாசலில் வந்து நின்றது.

மனைவி மகாலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஏங்க, அவுக வந்துட்டாக! அந்தப் பூனையக் கடாசிட்டு எந்திரிங்க!"

தங்கப்பாண்டியன் இடுப்பைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

பவானிக்கும் மாப்பிள்ளைக்கும் தேனி காலேஜிலேயே எல்லாம் பேசி முடிந்திருந்தது. அதைப் பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாக மாற்ற இரண்டு பேரும் இரண்டு வீட்டிலும் வருஷக்கணக்கில் அழுதிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றுதான் பையனின் அப்பா குருசாமியே புறப்பட்டு வந்திருந்தார்.

குருசாமிக்கு ஆண்டிபட்டியில் ஜவுளிக்கடை. வர்த்தகர் சங்கத் தலைவரான பிறகு, தான் நுழைகிற இடத்தில் நாற்காலிகளும் எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்.

பெண்ணைப் பெற்றவர் வாசலுக்கே வர வேண்டும். கும்பிட வேண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்க வேண்டும். ஒரேயொரு 'வாங்க' விட்டுப்போனதற்காகச் சாவு வீட்டில்கூட முகம் பார்க்காத பங்காளிகள் அந்தப் பக்கம் உண்டு.

தங்கப்பாண்டியன் நாற்காலியில் இருந்தபடியே மொத்தமாக ஒரு 'வாங்க' சொன்னார்.



குருசாமியின் மைத்துனர் மொக்கைச்சாமிதான் வாயைத் திறந்தார். "ஏன் மச்சான், இங்கன எந்திரிக்கிற வழக்கமே கெடையாதோ? இல்ல, நம்மளப் பாத்தா ஆளாத் தெரியலையோ?"

காபித் தட்டோடு வந்த பவானி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவுகளுக்கு மூட்டு வலிண்ணே" என்றாள் மகாலட்சுமி அவசரமாக.

"மூட்டு வலியா? எனக்கா?" தங்கப்பாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்துக்கூட ஏணியில ஏறிப் பந்தக் கம்பி இழுத்துக் கட்டுனேன்!"

பவானி கண்ணை மூடிக்கொண்டாள்.

குருசாமி அவரையே பார்த்தார். விறைத்த முதுகு. மடியில் பேப்பர். அசையாத இடுப்பு. சங்கத் தலைவரான நாளிலிருந்து தனக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்த ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. தனக்கே எழாதவன் என்றால் இவன் பின்னால் யார் இருக்கிறார்கள்? மந்திரியா? அதற்கும் மேலேயா?

"சும்மா இரு மாப்ள" என்று மொக்கைச்சாமியை அடக்கினார்.

பிறகு, யாரும் கேட்காமலே, குனிந்து தங்கப்பாண்டியனைக் கும்பிட்டார்.

அதற்குமேல் எல்லாம் மளமளவென்று நடந்தது. நின்று மாற்ற வேண்டிய தாம்பூலத் தட்டைக் குருசாமி நின்று கொடுத்தார், தங்கப்பாண்டியன் உட்கார்ந்து வாங்கினார். கை நனைக்காமல் கிளம்ப வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். வழியனுப்பவும் அவர் எழவில்லை.

"இருந்தா இப்பிடி இருக்கணும்டா" என்றாராம் குருசாமி, கார் சின்னமனூர் தாண்டும்போது. "நம்ம எல்லாம் ஆளாளுக்கு எந்திரிச்சு எந்திரிச்சே கெட்டுப்போனோம்."

சாயங்காலத்துக்குள் செய்தி டவுன் பஸ் போகிற ஊருக்கெல்லாம் போய்விட்டது. கலெக்டர் வந்தாலும் எழ மாட்டாராம்.

ஆனால் கார் கிளம்பிய அந்த நிமிஷம் வீட்டுக்குள் நடந்தது வேறு.

மகாலட்சுமி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பூனை தைக்கிறது தெரிஞ்சா கௌரவம் கொறஞ்சிருமாக்கும்! அதுக்கா எம்பிள்ள வாழ்க்கையவே பணயம் வச்சீக? கீழ போட்டுட்டு எந்திரிச்சா என்னவாம்?"

தங்கப்பாண்டியன் மடியிலிருந்த பேப்பரை மட்டும் எடுத்துக் கீழே வைத்தார்.

பவானி கண்ணீரும் சிரிப்புமாக வந்து காலில் விழுந்தாள். "எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

"அது அப்புறம் பண்றேன். மொதல்ல அந்தக் கத்திரிய எடு, ஆத்தா."

பூனையின் வாலை அவர் வேட்டியோடும், அதற்கு உள்ளே இருந்த பட்டாபட்டி டவுசரோடும் சேர்த்துத் தைத்திருந்தார்.