ஐம்பத்தெட்டு கிலோ

தராசு முள் ஐம்பத்தாறில் நின்றது.

அவன் இன்னும் கொஞ்சம் மணலை அள்ளிச் சாக்கில் போட்டான். ஐம்பத்தெட்டு.

கரையில் மீன் நிறுக்கும் தராசுதான். இருந்தாலும் சந்தேகம் தீரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்தான். மாதாமாதம் மனைவியின் எடையை எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்து நான்கு. கடைசியாக ஐம்பத்தெட்டு.

அதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

சாக்கின் வாயைக் கட்டினான். மற்றவற்றைப் போல இதைத் தோளில் போடவில்லை. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். படகின் நடுவே விரித்திருந்த பாயில் படுக்க வைத்தான்.

பலகையில் ஏற்கெனவே இரண்டு மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று அத்தை. ஒன்று மருத்துவச்சி. அன்றைக்கு யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே வைத்திருந்தான்.

"இன்னா மாமா, மணல் கடத்துறியா?"

சிரித்துக்கொண்டே வந்த அடுத்த வீட்டுக்காரன் பாயைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

அந்த அடுத்த வீட்டுக்காரனின் மனைவிக்குப் பிரசவத்துக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். தீவில் எஞ்சின் வைத்த படகு இது ஒன்றுதான்.

எஞ்சினைச் சாய்த்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியின் பின்னை உருவினான். நட்டைக் கழற்றினான். பழைய விசிறி கையோடு வந்தது. அதில் பதினொன்று என்று பொறித்திருந்தது. இன்னும் பளபளவென்றுதான் இருந்தது.

அதை வாங்கிய அன்று கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"லோடா, ஸ்பீடா?"

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஆஸ்பத்திரி ஏரிக்கு அக்கரையில். ஸ்பீடு என்றான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வந்ததும் மாட்டி ஓட்டிப் பார்த்தான். படகு பறந்தது. அக்கரைக்கு இருபதே நிமிடம். வீட்டுக்குப் போய் அவளிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

தனியாக ஓட்டிப் பார்த்தான்.

வலி வந்த அன்று நான்கு பேர் ஏறினார்கள். அத்தனை பாரத்தை அந்த விசிறியால் தள்ள முடியவில்லை. எஞ்சின் முக்கியது. தூக்கிய படகின் மூக்கு கடைசிவரை கீழே இறங்கவே இல்லை; இறங்கினால்தான் வேகம் பிடிக்கும். ஐம்பது நிமிடம். அக்கரைத் துறை கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் முனகுவதை நிறுத்தியிருந்தாள்.

இரண்டு உயிர்.

பதினோரு மாதம் ஆகிறது.

நேற்று அதே கடைக்குப் போனான். கடைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். எட்டு என்று பொறித்த, பாரம் தள்ளும் விசிறியை விரலால் காட்டினான்.

அதை இப்போது மாட்டினான். நட்டை இறுக்கினான். பின்னைச் செருகி மடக்கினான்.

தண்ணீரில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது.

அத்தை. அவளைப் பெற்றவள். பதினோரு மாதமாக அவன் முகத்தில் விழிக்காதவள். அவனும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாயை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் உசுரோடதானடா இருக்கேன். என்னை எதுக்கு மூட்டை கட்டி வச்சிருக்கே?"



அவள் ஏறினாள். தனக்காக வைத்த மூட்டையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு குனிந்து, பாயில் கிடந்ததன் கட்டிய முனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கும் மகளின் தலை அந்த மடியில்தான் இருந்தது.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். எஞ்சின் கயிற்றை இழுத்தான்.

படகின் மூக்கு தூக்கியது. தூக்கியபடியே போயிற்று. கைப்பிடியை இன்னும் முறுக்கினான்.

மூக்கு இறங்கியது.

படகு தண்ணீருக்கு மேலே ஏறி ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரை தெறித்தது.

துறையைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தினான். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

"இருபத்தாறு" என்றான்.

அதற்கு மேல் முடியவில்லை. எஞ்சின் மேல் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதான். எஞ்சின் சுட்டது. நிமிரவில்லை.

அத்தை அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

திரும்ப வேண்டும். வெறுமனே எதற்குப் பாரம்? மருத்துவச்சியின் மூட்டையைப் புரட்டித் தண்ணீரில் விட்டான். அடுத்ததற்காகப் பாயின் பக்கம் குனிந்தான்.

மூட்டையின் மேலிருந்த அத்தையின் கை நகரவில்லை.

அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். படகைத் திருப்பினான்.

வெயில் ஏறியிருந்தது. அத்தை முந்தானையை இழுத்து மடியில் இருந்ததன் மேல் போட்டாள். அவன் கை பழக்கத்தில் கைப்பிடியை முறுக்கியது.

"மெதுவாவே ஓட்டுடா" என்றாள். "இப்ப இன்னா அவசரம்?"