குழாய் கேட்ட கேள்வி

"தண்ணியைத் திறந்து விடு பத்மாசனி, கண்ணெல்லாம் எரியுது!"

"நானா மூடினேன்? குழாய் கேக்கற கேள்விக்கு நீங்க முதல்ல பதில்..."

"சொல்லிட்டேன்டி! ஆப்ஷன் சி! சி!"

"ஆப்ஷன் எதுவும் தரப்படவில்லை, ஐயா" என்றது குளியலறைக் குழாய், மரியாதையாக.

தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நின்ற வேதமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லாவரத்தில் இருபத்திரண்டு வருஷமாக கணினி நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கு வகுப்பு எடுப்பவர் அவர். பழைய வினாத்தாள்களைத் திரட்டி, எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று பாட்டாகவே பாட வைத்துப் பிள்ளைகளைத் தேற வைத்துவிடுவார். இப்போதோ வீட்டுக் குழாயைத் திறக்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அவருடையது நேற்றோடு காலாவதி. சான்றிதழ் இல்லாதவரை ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் குழாய் தண்ணீர் விடும். கதவுக்கு வெளியே நின்ற மனைவி பத்மாசனியோ, பருப்பு வேகிற நேரத்தில் படித்தே போன மாதம் தேறியிருந்தாள்.

"ஒன்பது மணிக்கு நாப்பது பேர் வந்து உக்காந்திருப்பாங்க. நாளைக்கு அவங்களுக்குப் பரீட்சை!"

"அந்தப் பரீட்சையிலயும் இந்த மாசத்துலேர்ந்து ஆப்ஷன் கிடையாது. அன்னிக்கே சொன்னேன். சமையக்கட்டு வதந்தின்னு சிரிச்சீங்க."

வேதமூர்த்தி கண்ணில் இறங்கிய நுரையை வழித்துப் போட்டார்.

"குத்திக் காட்டாதே. நீ ஒரு வார்த்தை சொன்னா அது திறக்கும்ல?"

"சொல்றேன். குழாய் கேட்டதையே நானும் கேக்கறேன். ஃபயர்வால்னா என்னங்க? அந்த நாப்பது பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே எனக்கும் சொல்லுங்க."