டாக்டரே படுத்தார்

“பயமா இருக்கா? அப்ப நானே முதல்ல படுக்கிறேன், பாருங்க!”

சொன்னதோடு நிற்கவில்லை டாக்டர். போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு சி.டி. ஸ்கேன் மேஜையில் ஏறி மல்லாந்துவிட்டார். அவருடைய புது ஸ்கேன் சென்டரின் திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் அந்த அறைக்குள் முண்டியடித்து நின்று கைதட்டியது.

துணிக்கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. கல்லுக்குண்டு மாதிரி உடம்பு அவருக்கு. காய்ச்சல் என்று ஒருநாள்கூடக் கடையைப் பூட்டியதில்லை. “வருஷா வருஷம் தலையிலிருந்து கால்வரை ஸ்கேன் எடுங்க” என்று டாக்டர் முழங்கியபோது, “ஒரு நோவும் இல்லாதவனுக்கு எதுக்கு சார் அத்தனை கதிர்?” என்று வாயை விட்டுத் தொலைத்தார். அதற்குத்தான் இந்த வீரதீரம்.

மேஜை வளையத்துக்குள் போனது, வந்தது. டெக்னீஷியன் பக்கத்திலேயே நின்று, போட்டோவுக்காக டாக்டரின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

“இதயம் சுத்தம், நுரையீரல் சுத்தம்!” டாக்டர் துள்ளி எழுந்தார். “நோய் நம்மளத் தேடி வர்றதுக்குள்ள நாம அதைத் தேடிப் போயிடணும். அடுத்து யாரு?”

துணிக்கடைக்காரர் மெல்ல நழுவப் பார்த்தார். மனைவி முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவ்வளவு பெரிய டாக்டரே படுத்துட்டார், உங்களுக்கு என்ன கேடு? என் தம்பி முன்னாடி மானத்தை வாங்காதீங்க.”

“விடுக்கா,” என்றான் தம்பிக்காரன். “மாமாவுக்குச் சேலையை உதறும்போது மட்டும்தான் வீரம் வரும்.”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்ப் படுத்தார் துணிக்கடைக்காரர். இனி மச்சான் எதிரில் இறங்கி ஓட முடியுமா?

“எல்லாரும் வெளியே போங்க! சீக்கிரம்!” டெக்னீஷியன் கூட்டத்தை விரட்டினான். முதலில் ஓடியவர் டாக்டர். கடைசியாக டெக்னீஷியனும் வெளியேறி, கனத்த கதவை இழுத்தான்.

“ஏம்ப்பா, டாக்டர் படுத்தப்ப ஊரே உள்ள நின்னுச்சு. எனக்கு மட்டும் ஏன் இப்படி எல்லாரும் ஓடுறீங்க?”

கதவிடுக்கில் தலையை நீட்டி அவன் சொன்னான்:

“உங்களுக்கு மெஷினை ஆன் பண்ணணுமே, சார்!”